லென்னி கிராவிட்ஸின் ‘மமா செட்’: ஈயடிச்சான் காப்பியா, இல்லையா?

அமெரிக்க ராக் பாடகர் லென்னி கிராவிட்ஸின் இரண்டாவது ஆல்பமான ‘மமா செட்’ 1991 ஏப்ரலில் வெர்ஜின் ரெக்கார்ட்ஸ் வெளியீடாக வந்தது. பதினான்கு டிராக், ஏறக்குறைய 52 நிமிடம். அன்று ஆரம்பித்த சண்டை இன்றும் ஓயவில்லை. அறுபது, எழுபதுகளின் ராக், சோல், ஃபங்க் எல்லாவற்றையும் தன் கையாலேயே வாசித்துக் காட்டிய ஆள் என்று ஒரு கட்சி கொண்டாடுகிறது. ஈயடிச்சான் காப்பி என்று இன்னொரு கட்சி ஒதுக்குகிறது. இரண்டு கட்சியும் பேசுவது ஒரே ஆல்பத்தைப் பற்றித்தானா என்று சில சமயம் சந்தேகமே வரும். ஒருவகையில் அது சரிதான். முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள் ஒரு பக்கம், இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள் மறுபக்கம்.

எங்கிருந்து எடுத்தார் என்று துருவுவதில் பெரிய பயன் இல்லை. எடுத்ததை அவரே மறைக்கவில்லை. ஒரு பாட்டுக்கு எத்தனை இடத்திலிருந்து எடுத்தார், கூட யார் வாசித்தார்கள் என்று பார்த்தால்தான் எந்தப் பாட்டு நிற்கிறது, எது விழுகிறது என்பது பிடிபடும். நாலு ஊர்த் தண்ணீர் கலந்த பாட்டுகள் இன்றைக்கும் புதிதாக ஒலிக்கின்றன. ஒரே கிணற்றில் இறைத்தவை இறைத்த கிணற்றையே நினைவுபடுத்திக்கொண்டு நிற்கின்றன.

முதலில் சத்தம். ஆல்பத்தின் உண்மையான பலம் அங்கேதான். நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் இருந்த வாட்டர்ஃபிரண்ட் ஸ்டூடியோவில், ஹென்றி ஹிர்ஷ் என்ற சவுண்ட் இன்ஜினியரோடு பதிவு செய்தது. 1989-இல் வந்த முதல் ஆல்பம் ‘லெட் லவ் ரூல்’ பதிவு செய்ததும் இதே ஜோடி. எண்பதுகளின் ராக் ரெக்கார்டு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்: ஸ்நேர் டிரம்மில் விழும் ஒவ்வொரு அடிக்கும் பெரிய மண்டபத்து எதிரொலி கிளம்பி, சட்டென்று கத்தரித்தாற்போல் நிற்கும். கேட்டட் ரிவெர்ப் என்பது அதுதான். ‘மமா செட்’டில் அது கிடையாது. டிரம் வறட்டென்று, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பது போல் கேட்கிறது. டிஜிட்டல் வேகமாக நுழைந்துகொண்டிருந்த காலத்தில் ஹிர்ஷ் அனலாக் டேப்பையும் பழைய கருவிகளையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். டேப்பில் சிக்னலைக் கொஞ்சம் அழுத்திப் பதிந்தால் கூர்மையான முனைகள் மழுங்கி, பேஸ் கிட்டாரும் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ஒட்டல் ஆல்பம் முழுக்க இருக்கிறது.

வீட்டில் பதிவு செய்பவர்கள் இதே ரகச் சத்தத்தைக் கேட்டு ஆசைப்பட்டால் விலை உயர்ந்த பிளக்-இன் மென்பொருள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. டிரம்முக்குப் பத்து மைக் வைப்பதை முதலில் நிறுத்த வேண்டும். தலைக்கு மேல் ஒன்று, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாம் டிரம் பக்கம் ஒன்று, கிக்குக்கு ஒன்று, தேவைப்பட்டால் ஸ்நேருக்கு ஒன்று. முதல் இரண்டும் ஸ்நேரின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். சுமார் 40 அங்குலம் வைத்துத் தொடங்கலாம், ஒரு கயிற்றைப் பிடித்து அளந்தாலே போதும். தூரம் மாறினால் ஃபேஸ், அதாவது இரண்டு மைக்கிலும் விழும் ஒலியலைகளின் ஒத்துப்போதல், இடறி, ஸ்நேரின் வயிறு காணாமல் போய்த் தகர டப்பா சத்தம்தான் மிஞ்சும். ஸ்நேரைச் சற்றுத் தாழ்வாகச் சுதி வைத்து அதன் மேல் ஒரு துண்டைப் போட்டுப் பார்க்கலாம். பீட்டில்ஸின் ரிங்கோ ஸ்டார் செய்த பழைய வேலை அது. சிம்பலை மெதுவாக அடிக்க வேண்டும் என்பதுதான் பலரும் கோட்டை விடும் இடம். மைக் குறையும்போது சிம்பல் எல்லா மைக்கிலும் ஏறிவிடும், அதைப் பிறகு மிக்ஸில் இறக்க வழியே இல்லை.

இனிப் பாட்டுகள். ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் ஜாய்’ மெதுவாகத் தொடங்கி, நடுவில் கதவை உதைத்துத் திறப்பது போல் கனத்த கிட்டாருக்குத் தாவுகிறது. சோலோ வாசிப்பவர் கன்ஸ் அண்ட் ரோஸஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் ஸ்லாஷ். பாட்டு கிராவிட்ஸுடையது அல்ல. நியூ யார்க் ராக் அண்ட் ரோல் என்செம்பிள் என்ற குழு எழுபதுகளின் தொடக்கத்தில் பாடியதை எடுத்து மறுபடி பாடியிருக்கிறார். ‘எல்லாமே காப்பி’ என்று பொங்குபவர்கள் பலர் இதை அவருடைய சொந்தப் பாட்டு என்று நினைத்துத் திட்டுவது வேடிக்கை. அட்டையில் போட்டிருக்கிறது, படித்தால் தெரியும்.

இரண்டாவது டிராக் ‘ஆல்வேஸ் ஆன் தி ரன்’. ஸ்லாஷும் கிராவிட்ஸும் பெவர்லி ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஒரே காலத்தில் படித்தவர்கள், பாட்டை இருவரும் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள். அம்மா சொன்ன அறிவுரைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு, ஆல்பத்தின் பெயரும் அதிலிருந்து வந்ததுதான். ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரி, ஸ்லாஷின் கைவண்ணம். ஆனால் கன்ஸ் அண்ட் ரோஸஸில் வாசிப்பது போல் முன்னே பாய்ந்து வாசிக்காமல், டிரம்முக்கு ஒரு மயிரிழை பின்னால் சாய்ந்து வாசிக்கிறார். கிட்டாரும் பேஸும் ஒரே வரியை வாசிக்க, இடைவெளியில் பித்தளை வாத்தியங்கள் வெட்டி வெட்டி விழுகின்றன. கார்ல் டென்சனின் சாக்ஸஃபோன் அங்கே செய்யும் வேலையைத் தனியாகக் கவனித்துக் கேட்க வேண்டும். ஹார்ட் ராக் கிட்டார், ஜேம்ஸ் பிரவுன் பாணி ஃபங்க் தாளம், கிராவிட்ஸின் சோல் குரல் மூன்றும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் இழுபறி நடத்துகின்றன. ஆல்பத்திலேயே உயிரோட்டம் அதிகமுள்ள நான்கு நிமிடம் இதுதான்.

ஏன் இதில் மட்டும் இவ்வளவு விறுவிறுப்பு? டிரம்ஸ், பேஸ், கிட்டார், கீபோர்டு என்று பெரும்பாலான பாட்டுகளில் கிராவிட்ஸே ஒவ்வொன்றாக வாசித்து அடுக்குகிறார். அதில் ஒரு லாபம் உண்டு: எல்லா வாத்தியமும் ஒரே ஆளின் நடையில் நடக்கும், தாளம் எங்கும் பிசகாது. நஷ்டமும் அதிலேயே இருக்கிறது. டிரம்மர் ஏதோ செய்தார், அதைக் கேட்டு பேஸ் வாசிப்பவர் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார் என்ற விஷயம் நடக்கவே நடக்காது. டிரம்மை முதலில் பதிந்தாகிவிட்டது, அது இனி யாருக்கும் பதில் சொல்லாது. வெளியாள் ஒருவர் உள்ளே வந்து உட்காரும்போது அந்தக் குறை நீங்கிவிடுகிறது. ஸ்லாஷ் வந்த இரண்டு பாட்டிலும் அது பளிச்சென்று தெரிகிறது.

‘ஸ்டாண்ட் பை மை உமன்’ பியானோவை முன்னிறுத்திய தழுதழுப்பு. நன்றாகவே பாடியிருக்கிறார், ஆனால் மூன்றாவது இடத்தில் வைத்திருக்க வேண்டாம். ஓடிக்கொண்டிருந்த வண்டியை ஓரங்கட்டியது போலாகிவிடுகிறது.

அடுத்து வருவது எல்லோருக்கும் தெரிந்த ‘இட் ஏன்ட் ஓவர் டில் இட்ஸ் ஓவர்’. அமெரிக்க பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. முதலிடத்தில் நகராமல் உட்கார்ந்திருந்தது பிரயன் ஆடம்ஸின் ராபின் ஹூட் படப் பாட்டு. அதன் இசையில் பங்குள்ள மைக்கேல் கேமன்தான் ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் ஜாய்’ எழுதியவர்களில் ஒருவர் என்பது ஒரு சின்னக் கொசுறு. ஆல்பத்தின் முதல் பாட்டைக் கொடுத்தவரே அதன் பெரிய ஹிட் பாட்டுக்கு முதலிடத்தை விடவில்லை!

இந்தப் பாட்டை எப்படிக் கட்டியிருக்கிறார் என்று பிரித்துப் பார்க்கலாம். மேலே மிதக்கும் வயலின் கூட்டம் எழுபதுகளின் ஃபிலடெல்ஃபியா சோல் பாணி. உச்சஸ்தாயியில் பொய்க்குரல் சோல் பாடகர்கள் கர்டிஸ் மேஃபீல்டு, ஸ்மோக்கி ராபின்சன் வழி. கீழே டிரம் மட்டும் மோடவுன் கம்பெனி ரெக்கார்டுகள் போல் வழவழப்பாக இல்லாமல் வறட்டென்று நிற்கிறது. இவற்றுக்கு நடுவே மினுங்கும் அந்தக் கம்பிச் சத்தம் எலக்ட்ரிக் சிதார். சிதார் போலவே இருந்தாலும் அது உண்மையில் கிட்டார்தான். கோரல் என்ற பெயரில் 1967-இல் கடைக்கு வந்தது, ஃபிலடெல்ஃபியா சோல் பாட்டுகளில் அடிக்கடி கேட்கலாம். கம்பிகளைத் தாங்கும் அதன் குதிரை கூர்மையாக இல்லாமல் அகலமாகத் தட்டையாக இருப்பதால், அதிரும் கம்பி அதன் மேல் உரசி உரசி ரீங்காரம் எழுப்புகிறது. தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் நூல் வைத்து நாதம் கூட்டுகிறோமே, தத்துவம் அதேதான். குதிரையின் சாய்வு கொஞ்சம் பிசகினாலும் ஒன்று ரீங்காரமே வராது, இல்லையென்றால் சுரம் அமுங்கிப்போகும். வாசிப்பவர்கள் அலுத்துக்கொள்ளும் கருவி. கிராவிட்ஸ் அதை நாலு சுரத்தில் முடித்துக்கொள்கிறார், அதனால்தான் அது காதில் தங்குகிறது. எர்த் விண்ட் அண்ட் ஃபயர் குழுவோடு வாசித்துப் பெயர் பெற்ற பீனிக்ஸ் ஹார்ன்ஸின் பித்தளை, முடிவில் முத்திரை வைக்கிறது.

இதில் எந்தத் துண்டும் புதிது இல்லை. ஆனால் எல்லாம் சேர்ந்த இந்தக் கலவை எந்தப் பழைய ரெக்கார்டிலும் இல்லை. மனைவி லிசா போனேவுடனான மணவாழ்க்கை உடைந்துகொண்டிருந்த நேரத்தில் எழுதியது, கெஞ்சுகிற பாட்டுதான். இருந்தும் தாளம் கால் தட்ட வைக்கிறது. அந்த முரண் அவருடையது. கிராவிட்ஸை அறவே பிடிக்காதவர்களும் இந்த ஒரு பாட்டை மட்டும் விட்டுவைப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

‘மோர் தான் எனிதிங் இன் திஸ் வேர்ல்ட்’, ‘வாட் கோஸ் அரவுண்ட் கம்ஸ் அரவுண்ட்’, ‘தி டிஃபரன்ஸ் இஸ் ஒய்’ மூன்றும் வரிசையாக வருகின்றன. நடுவில் உள்ளது மேஃபீல்டின் நேரடி வாரிசு, பேஸ் வரியும் சாக்ஸஃபோனும் நின்று நிதானித்துக் கேட்கத் தக்கவை. பாட்டு வரிகளோ ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்ற ஒற்றைப் பழமொழியை நாலரை நிமிடத்துக்கு மேல் இழுக்கின்றன. வரிகள் இந்த ஆல்பத்தின் உண்மையான பலவீனம். காப்பி என்று கத்துகிறவர்கள் இதை ஏனோ அதிகம் பேசுவதில்லை. அன்பு, சமாதானம், மன்னிப்பு, விதி எல்லாம் வாழ்த்து அட்டை அளவிலேயே நிற்கின்றன. மேஃபீல்டின் பாட்டில் ஒரு தெரு, ஒரு ஆள், ஒரு குற்றம் இருக்கும். கிராவிட்ஸ் அவருடைய குரலை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார்.

‘ஸ்டாப் டிராகின் அரவுண்ட்’ ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், லெட் செப்பலின் பக்கம் போகும் குட்டிப் பாட்டு. வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, ஆனால் இருக்கும்வரை இரும்பு. மகள் ஸோயிக்கு எழுதிய ‘ஃப்ளவர்ஸ் ஃபார் ஸோயி’ அதன் பின்னால் மென்மையாக வந்து போகிறது. அப்போது அந்தக் குழந்தைக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை.

இங்கேதான் சறுக்கல். ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் ஜாய்’ மறுபடி வருகிறது, ரிப்ரைஸ் என்ற பெயரில். பழைய ஆல்பங்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டு, வாஸ்தவம். அங்கே ரிப்ரைஸ் என்றால் பெரும்பாலும் ஒரு நிமிடம் தலைகாட்டிவிட்டுப் போய்விடும். இங்கே முழுப் பாட்டளவுக்கு நீள்கிறது. பழைய பழக்கத்தை எடுத்தவர் அதன் அளவை எடுக்கவில்லை.

அடுத்த ‘ஆல் ஐ எவர் வாண்டட்’ மீதுதான் சண்டை அதிகம். பீட்டில்ஸின் ஜான் லென்னனுடைய எழுபதுகளின் தொடக்ககாலத் தனி ஆல்பங்களை அறிந்தவருக்கு முதல் சில நொடியிலேயே புரிந்துவிடும்: மொட்டைப் பியானோ, தொண்டை கிழியும் குரல். போதாக்குறைக்கு, பாட்டைச் சேர்ந்து எழுதியவர் லென்னனின் மகன் ஷான். 1975-இல் பிறந்தவர், பாட்டு பதிவானபோது மீசை முளைக்கும் வயது. இதை நெகிழ்ச்சி என்று கேட்பவர்கள் உண்டு. லென்னனின் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு லென்னனாகவே பாடுவது எல்லை மீறல் என்பவர்களும் உண்டு. இரண்டாமவர்கள் பக்கம் நியாயம் கூடுதலாகப் படுகிறது. மோசமான பாட்டு என்பதால் அல்ல. இதில் இரண்டாவது ஊர்த் தண்ணீர் இல்லை. டிரம் வேறு விதமாக நடந்திருந்தாலோ, ஒரு சாக்ஸஃபோன் குறுக்கே வந்திருந்தாலோ கதையே வேறு.

‘வென் தி மார்னிங் டர்ன்ஸ் டு நைட்’ சுமார். தலைப்பில் வசைச்சொல் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்த அடுத்த பாட்டு, உலகம் கெட்டுப்போனதைப் பற்றிய புலம்பல். சைக்கடெலிக் மூட்டம் கேட்க நன்றாக இருக்கிறது, சொல்ல வந்தது மூட்டத்துக்குள் மறைந்துவிட்டது. கடைசியில் ‘பட்டர்ஃப்ளை’, இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ஆளும் பாட்டும் மட்டும், அலங்காரம் ஏதும் இல்லை. பத்தாவது டிராக்கிலேயே கேட்பதை நிறுத்திவிடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

வந்த ஆண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதே 1991-இல், சில மாதத்துக்குள், நிர்வானாவின் ‘நெவர்மைண்ட்’, பேர்ல் ஜாமின் ‘டென்’, மெட்டாலிக்காவின் கறுப்பு அட்டை ஆல்பம் எல்லாம் வந்துவிட்டன. ராக் என்றாலே இனி இதுதான் என்று காற்று திரும்பிய நேரத்தில், வயலினும் பொய்க்குரலுமாக ஒருவர் நின்றால் பழங்காலத்து ஆள் என்று தோன்றத்தான் செய்யும். கறுப்பினத்து ராக் பாடகர் என்பதால் எழுந்த கேள்விகளும் கலந்திருந்தன. ராக் வானொலிக்கு அவர் சோல் பாடகர், சோல் வானொலிக்கு ராக்காரர். ஆல்பம் அமெரிக்காவில் 39-ஆம் இடத்தோடு நின்றது, பிரிட்டனில் எட்டாம் இடம் வரை ஏறியது. முதல் ஆல்பத்தைவிட இது நல்ல முன்னேற்றம். முதல் ஆல்பத்தின் கரடுமுரடான எளிமை போய்விட்டதே என்று வருத்தப்பட்ட பழைய ரசிகர்கள் ஒருபுறம், இதில் வந்து சேர்ந்த புதியவர்கள் மறுபுறம்.

இப்போது கேட்பதற்குச் சில நடைமுறை விஷயங்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு கட்ட வேண்டாம். இந்த ஆல்பத்தின் பாதி பேஸில் இருக்கிறது, போன் ஸ்பீக்கருக்கு அந்தப் பகுதியே கேட்காது. சாதாரண வயர் ஹெட்ஃபோன் போதும். 1991-ஆம் ஆண்டின் சிடி இன்றைய ரெக்கார்டுகளைவிடச் சன்னமாக ஒலிக்கும். அது குறை அல்ல, வால்யூமை இரண்டு புள்ளி ஏற்றிக்கொள்ளுங்கள், டிரம்மின் துள்ளல் அப்படியே இருக்கும். ஈக்வலைசரில் பேஸை ஏற்றினால் ஏற்கெனவே டேப்பில் தடித்துப்போன கீழ்ப்பகுதி குழம்பி, ‘ஆல்வேஸ் ஆன் தி ரன்’ரிஃப்பே கலங்கலாகிவிடும். ஈக்வலைசரைச் சும்மா விடுவது நல்லது.

வினைல் தட்டு வாங்குவோர் ஒன்றைப் பார்த்து வாங்க வேண்டும்: ஒற்றைத் தட்டா, இரட்டைத் தட்டா. 52 நிமிடத்தை ஒரே தட்டில் அடைத்தால் ஒரு பக்கத்துக்கு 26 நிமிடம். பள்ளங்கள் நெருங்கிவிடும், அதற்கு இடம் செய்ய லெவலையும் பேஸையும் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். போதாததற்கு, தட்டின் உட்பகுதிக்குப் போகப்போக ஊசியடியில் பள்ளம் ஓடும் வேகம் குறைவதால் உச்ச சுரங்கள் கரகரக்கும். பக்கத்தின் கடைசியில் வரும் பாட்டுகளுக்குத்தான் அந்த அடி. பழைய தட்டு வாங்கினால் ஊசியை ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டில் வைத்துக் கேட்ட பிறகே காசைக் கொடுங்கள். முதல் பாட்டைக் கேட்டுவிட்டு வாங்கி ஏமாறுபவர்கள்தான் அதிகம்.

2012-இல் வந்த இரண்டு சிடி டீலக்ஸ் பதிப்பில் டெமோ, மேடைப் பதிவு, ரீமிக்ஸ் என்று கூடுதல் சரக்கு இருக்கிறது. ரீமிக்ஸ்களை ஒரு தடவை கேட்டால் போதும். டெமோக்கள் அப்படியல்ல. பாட்டு எந்த நிலையில் பிறந்தது, ஸ்டூடியோவில் எதை ஏற்றினார், எதை விட்டார் என்று ஒப்பிட நினைக்கும் இசைக்காரர்களுக்கு அந்த இரண்டாவது சிடிதான் காசுக்குச் சரியான பொருள். வெறுமனே கேட்க நினைப்பவருக்கு ஒற்றை சிடி போதும்.

முதல் தடவை கேட்பவர்கள் ஆல்பத்தின் வரிசைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ‘ஆல்வேஸ் ஆன் தி ரன்’, ‘இட் ஏன்ட் ஓவர்’, ‘வாட் கோஸ் அரவுண்ட்’, ‘ஸ்டாப் டிராகின் அரவுண்ட்’, ‘பட்டர்ஃப்ளை’ என்று ஐந்தையும் முதலில் கேளுங்கள். பிடித்தால் ‘ஃபீல்ட்ஸ் ஆஃப் ஜாய்’ தொடங்கி முழுசாக ஒரு தடவை, ரிப்ரைஸை மட்டும் தாண்டிவிட்டு. ஐந்தில் ஒன்றுகூட ஒட்டவில்லை என்றால் மீதி ஒன்பதும் ஒட்டாது. நேராக 1993-இல் வந்த மூன்றாவது ஆல்பத்துக்குப் போய்விடலாம், அதில் கிட்டார் அதிகம், வயலின் குறைவு.